கன்னத்துக்குக் குடம் உடைத்த கதை

காளியாயி அத்தையின் கன்னத்துக்கு நாங்கள் சாவு எடுத்த அன்று ஒப்பாரி வைத்தது காளியாயி அத்தையேதான். கொள்ளிக்குடம் தூக்கியவர் ஒரு பேராசிரியர். குடத்தில் ஓட்டை போட்டது நான். இதில் எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தமும் கிடையாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் திருந்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

என் பெயர் துஷாந்த். ராகலை ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டுகிறேன். அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்தவர். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க நிறையப் பேர் உண்டு, ஒப்பாரிக்கு அத்தை ஒருவர்தான். சாவு வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மருமகள் சோறு போடாதது, தொரை லீவு கொடுக்காதது, டிஸ்பென்சரியில் எல்லா வியாதிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுத்தது, எல்லாம் பாட்டாக வரும். ஒப்பாரியில் யாரை ஏசினாலும் குறுக்கே பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தொரையே ஒருமுறை தன்னைப் பற்றிய பாட்டை முழுதாக நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

கொரோனாக் காலத்துக்குப் பிறகு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆள் என்ன சீக்கில் போனார் என்று தெரியாமல் குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அதனால் ஒப்பாரியின் முடிவில் அத்தை பாட்டாகவே கேட்பார், என்ன சீக்கு என்று. உரியவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியாக வேண்டும்.

இப்படி நாங்கள் எங்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தபோதுதான், பழைய தொரை பங்களாவில் அந்த நிலையம் வந்து இறங்கியது. மத்திய மலைநாட்டு வாய், தாடை மற்றும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுக்கான உயர் ஆய்வு நிலையம். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நாங்கள் வாய் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டோம்.

வாய் ஆபீஸ்காரர்கள் முதலில் எங்கள் பிள்ளைக்காம்பராவில் ஒரு முகாம் போட்டார்கள். பணிப்பாளர் பேராசிரியர் மதுசூதனன் கொழும்புக்காரர், தமிழர்தான். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"உங்களுடைய வாய்கள் இந்த நாட்டின் பெரும் செல்வம். பரம்பரை பரம்பரையாக வெற்றிலையும் புகையிலையும் போட்டு நீங்கள் வளர்த்த இந்தக் கட்டிகளைத் தேடி உலகமே வரப்போகிறது. தயவுசெய்து எல்லாரும் வாயைத் திறவுங்கள்."

எல்லாரும் திறந்தோம். சம்பளம் கேட்டுத் திறந்தபோது எட்டிப் பார்க்காத உலகம் இப்போதாவது பார்க்கட்டுமே என்று ஒரு நப்பாசை. அத்தையின் இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் தடிப்பும் அதன் நடுவில் ஆறாத புண்ணும் இருந்தன. பேராசிரியர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "அழகு! அருமை!" என்றார். மாணவர்களை வரிசையில் நிறுத்திக் காட்டினார். அத்தை வெட்கப்பட்டார். அந்தக் கன்னத்தை யாரும் அழகு என்று சொல்லி வெகு காலம் ஆகிவிட்டது. ஊசி போட்டு ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். அடுத்து நின்ற மீனம்மாவின் வாயிலும் வெட்டினார்கள்.

"பதில் எப்பங்க வரும் தொர?" என்று அத்தை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"வரும். காத்திருங்கள்," என்றார் பேராசிரியர்.

காத்திருந்தோம். அத்தையால் உறைப்புத் தின்ன முடியவில்லை. வாய் வரவரச் சுருங்கி இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர், கையில்தான் ஒன்றும் இல்லை. "இது மோசமா இருக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா நாங்க திரும்ப வெட்டி அனுப்பினா பதில் வர மாசக்கணக்காகும். வெட்டினவங்ககிட்டயே கேளுங்க. அவங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும், நானே பேசிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுறேன்," என்றார்.

நான் வாய் ஆபீஸுக்குப் போன் எடுத்தேன். "பதில் வரும்," என்றார்கள். பழனியாண்டி மாமாவும் எடுத்தார். அவர் எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கிற குழுவுக்குத் தலைவர், மீனம்மாவின் புருஷன். அவருக்கும் பதில் வரும் என்றுதான் சொன்னார்கள். பதில் வருவதற்குள் மீனம்மா போய்விட்டார். கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை.

அந்தச் சாவில் அத்தையால் ஒப்பாரி வைக்க முடியவில்லை. சிநேகிதியின் தலைமாட்டில் உட்கார்ந்து முனகினார், அவ்வளவுதான். குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். என்ன சீக்கு என்று யாரோ கேட்டார்கள். பழனியாண்டி மாமா எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "தெரியலப்பா. வெட்டிட்டுப் போயிருக்காங்க. பதில் வரும்னாங்க," என்றார். ஒருவரும் அசையவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த பொம்பளை எதில் செத்தாள் என்று சொல்லத் தெரியாமல் ஒரு மனுசன் நடு வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பிறகு மண்வெட்டியை வாங்கி அவரே வெட்டினார்.

அடுத்த நாள் அத்தை என் த்ரீவீலில் ஏறி உட்கார்ந்து, "வுடுடா வண்டிய, வாய் ஆபீசுக்கு," என்றார்.

வாசலில் காவல்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "பொட்டக் இன்ன," என்று சிங்களத்தில் எங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு தட்டில் வெற்றிலையோடு வந்தார். வருகிறவர்களை வெற்றிலை கொடுத்து வரவேற்பது நிலையத்தின் மரபாம். வெற்றிலையால் வரும் கட்டியை ஆராய்கிற இடத்தில், கட்டி வந்தவருக்கு வெற்றிலை. அத்தை மரியாதைக்கு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வெட்டி எடுத்த துண்டுகளுக்குப் பொறுப்பான டிலானி மிஸ் நுவரெலியா டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "பதினேழாம் நம்பர்தானே? வாங்க, வாங்க." துப்புரவு செய்கிற அம்மாவும் துடைப்பத்தை வைத்துவிட்டு, "பதினேழு வந்திருக்காங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த ஆபீஸ் முழுக்க அத்தையைத் தெரிந்திருந்தது.

"பதில் என்னாச்சுங்க மிஸ்?" என்றேன்.

"அதைச் சொல்ல முடியாதுங்க. இது நோயாளிக்கான சாம்பிள் இல்ல, ஆய்வுக்கான சாம்பிள். இதுக்குப் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். பேரைச் சேர்த்துச் சொன்னா அவங்க இரகசியம் வெளியே போயிடும்."

"அவங்க இரகசியத்த அவங்ககிட்டதானுங்க கேக்குறோம்."

"அவங்ககிட்ட இருந்தும் பாதுகாக்கணும்னுதான் நெறிமுறைக் குழு சொல்லியிருக்கு. பதில் தர்றது என் பிரிவும் இல்லங்க," என்றார் டிலானி மிஸ். சொல்லும்போது அவர் முகம் கோணியது. நல்ல பிள்ளைதான், சம்பளம் வாங்குகிற இடம் அப்படி.

பேராசிரியர் வந்தார். அத்தையைக் கண்டதும் சம்பந்தியைக் கண்டவர் போலக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நடைபாதைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சுழி சுழியாக இருந்தது, தீபாவளிக்கு எடுத்த சீத்தைப் புடவை மாதிரி.

"இது என்னதுங்க தொர?"

"இது நீங்கள் அம்மா! உங்கள் கன்னம். மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படம். இதோடு நான் மூன்று நாடுகளுக்குப் போய்வந்துவிட்டேன்."

அத்தை கொழும்பைத் தாண்டியதில்லை. படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நல்லதா கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க தொர."

"விஞ்ஞானத்துக்கு மிகவும் நல்லது."

அடுத்த அறையில் எலிகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டி, கணகணப்பான விளக்கு, பஞ்சு மெத்தை. அத்தையின் கட்டியில் கொஞ்சம் எடுத்து அவற்றின் முதுகில் வளர்த்திருந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் ஒவ்வொரு எலியாகத் தூக்கி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுங்களுக்கு எதுக்குங்க மருந்து?" என்றேன்.

"கட்டி இருக்கிறதே! காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஒரு நாள் தவறினால் தாங்காது, பாவம்."

"அந்தக் கட்டி என்னோடதுங்களே," என்றார் அத்தை.

"கட்டி உங்களுடையதுதான். ஆனால் எங்கள் நோயாளி எலி."

"அப்ப எலிக்கு என்ன சீக்குன்னாவது சொல்லுங்க."

பேராசிரியர் சிரித்தார். "அம்மா, ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டுரை வெளியாகும்வரை முடிவைச் சொல்ல முடியாது. சொன்னால் நீங்கள் உடனே சிகிச்சைக்கு ஓடிவிடுவீர்கள். பிறகு தானாக வளர்ந்தால் இது எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினெட்டாம் நம்பரைப் பாருங்கள், கடைசிவரை எவ்வளவு ஒத்துழைப்பு!"

பதினெட்டாம் நம்பர் மீனம்மா.

நான் கையை ஓங்கியிருப்பேன். அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.  வீட்டுக்கு வந்து வண்டியை விட்டு இறங்கும்போது மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துச் சாக்கடைக் கானில் போட்டார்.

சாமி கண்ணைத் திறக்கும் என்று சொல்வார்கள். எங்களுக்குச் சாமி அந்த மாதமே திறந்தது. நிலையத்துக்குப் புதிய கட்டடம் முடிந்து திறப்பு விழா வந்தது. நன்கொடை கொடுத்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் வருகிறாராம். சமூகப் பங்கேற்பு இல்லாத எதற்கும் அவர் காசு கொடுக்க மாட்டாராம். பேராசிரியரும் டிலானி மிஸ்ஸும் சமூகத்தைத் தேடிக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தார்கள்.

"உங்கள் பாரம்பரிய ஊர்வலம் ஒன்று வேண்டும்," என்றார் பேராசிரியர். "தோலிசை, ரதம், சடங்கு, எல்லாம். அவர்கள் உண்மையானதைத்தான் விரும்புவார்கள். எதையும் குறைக்காதீர்கள். நான் என்ன செய்ய வேண்டுமோ அதையும் செய்கிறேன். ரதத்தில் அந்தப் படத்தை ஏற்றுவோம்."

பழனியாண்டி மாமா தலையைச் சொறிந்தார். "தப்புல சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடின்னு இருக்குங்க. எது வேணும்?"

"உங்களுக்கு எது நன்றாக வருமோ அது."

"எங்களுக்கு நல்லா வர்றது ஒன்னுதாங்க தொர," என்றார் அத்தை, கதவோரத்திலிருந்து. "பழக்கம் அதிகம்."

பழனியாண்டி மாமா அத்தையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. பேராசிரியருக்கு விளங்க வழியில்லை. அவர் பார்த்த சாவெல்லாம் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்து மலர்ச்சாலையில் ஏசி போட்டு, மெதுவாகப் பாட்டுப் போட்டு, கையெழுத்து வைத்துவிட்டு வருகிற சாவு.

விழாவன்று தோட்டமே கூடிவிட்டது. மூங்கில் வெட்டிக் குரோட்டன் இலையும் கலர்த் தாளும் வைத்துத் தேர் கட்டியிருந்தோம். மீனம்மாவுக்குப் பாடை கட்டிய அதே கை, அதே முடிச்சு. அதில் அத்தையின் கன்னத்தைச் சாய்த்து வைத்து மாலை போட்டோம். அம்மையார் வண்டியை விட்டு இறங்கியதும் பழனியாண்டி மாமா சாவு அடி எடுத்தார். மலை முழுக்க அதிர்ந்தது. அம்மையார் கைதட்டினார். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். எங்கள் சனம் அவர்களுக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்தது, கால் வைக்கும் இடமெல்லாம் பொரி தூவியது, சந்தியில் வெடி போட்டது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

"எவ்வளவு கம்பீரமான மக்கள் என்று அம்மையார் வியக்கிறார்," என்றார் பேராசிரியர் பெருமையாக.

புதிய கட்டடத்தின் முன்னால் தேரை இறக்கினோம். நான் பேராசிரியரிடம் போய், "கோட்டையும் சப்பாத்தையும் கழட்டிட்டு இந்த வேட்டியைக் கட்டிக்கங்க. தலையில தண்ணி ஊத்தணும், முறைங்க," என்றேன். அன்றைக்கு நல்ல பனி. அவர் தயங்கினார். அம்மையார் போனைத் தூக்கிப் படம் எடுப்பதைக் கண்டதும் குனிந்துவிட்டார். ஒரு வாளி ஊற்றினேன். மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர், எலும்பைத் தொடும். பிறகு நிறைகுடத்தைத் தூக்கி இடது தோளில் வைத்தேன்.

"பூரண கும்பம்," என்று பல் கிட்டிக்க அவர் அம்மையாருக்கு விளக்கினார்.

டிலானி மிஸ்ஸுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கண் விரிந்தது. வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார், தேரில் இருந்த படத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பதினெட்டாம் நம்பரின் முகம் அவருக்கும் நினைவில் இருந்திருக்கும். அல்லது அது அவர் பிரிவு இல்லை.

பேராசிரியர் தேரை இடப்பக்கமாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி முனையால் குடத்தில் ஒரு கொத்துக் கொத்தினேன். தண்ணீர் அவர் முதுகில் பீய்ச்சி அடித்தது. மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தினேன். தப்பும் நின்றது. அத்தை படத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துப் போட்டார். திறக்காத அந்த வாயைத் திறந்தார். ஓரத்தில் இரத்தம் கசிந்ததை நான் பார்த்தேன்.

பொன்னான கன்னமே – நான்
போயிலைக்குக் குடுத்த கன்னமே
சீமைச் சாயம் பூசி – உன்னச்
செவுத்துல மாட்டுனாங்களே
எலிக்கு மருந்தூத்தி – என்ன
இரு இருன்னு சொன்னாங்களே
மீனம்மா கேட்டுப் போனா – அவ
மிச்சத்த நான் கேக்குறேன்
என்ன சீக்குல போன – உன்ன
எடுத்தவங்க சொல்லட்டுமே

பெண்கள் அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டார்கள். அது நடிப்பு இல்லை.

அம்மையார் என்ன பாட்டு என்று கேட்டார். டிலானி மிஸ் நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சொன்னார், கேட்டவர்கள் தமிழில் எனக்குச் சொன்னது இது: "தன் கன்னம் எந்த நோயில் போனது என்று கேட்கிறார். எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் குடத்தை இறக்கலாம்."

"எவ்வளவு அழகான சடங்கு! சொல்லுங்கள் பேராசிரியர், சொல்லுங்கள்," என்றார் அம்மையார்.

பேராசிரியர் நடுங்கிக்கொண்டிருந்தார். தோளில் குடம், முதுகில் தண்ணீர், முன்னால் நன்கொடை. டிலானி மிஸ் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். நான் என் போனைப் பிடித்தேன். கேள்வி கேட்டால் அறிவைக் காட்டாமல் இருக்க அவரால் முடியாது, எத்தனை குளிரானாலும். அம்மையாருக்கு இங்கிலீஷிலும் சனத்துக்குத் தமிழிலும் முழங்கினார்.

"இது உட்கன்னத்தில் தோன்றிய புற்றுநோய்! செதிட்கல வகை. ஆரம்ப நிலை, உடனே அறுவைச் சிகிச்சை செய்தால் காப்பாற்றக் கூடியது. துண்டு எடுத்த அதே வாரத்தில் எமது நிலையம் இதைத் துல்லியமாகக் கண்டறிந்துவிட்டது! அன்று எடுத்த பதினெட்டாம் நம்பரும் புற்றுநோய்தான். அதையும் அதே வாரத்தில் கண்டறிந்தோம்!"

அம்மையார் மட்டும் கைதட்டினார்.  பழனியாண்டி மாமா தப்பைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்து, குழி வெட்டுகிற ஆட்களைத் தேடிப் பிடித்து, "புத்துநோய்ப்பா," என்றார். "மீனம்மாவுக்குப் புத்துநோய். கேட்டீங்கள்ல, சொல்லிட்டேன்."

"குடத்தைப் பின்னாடி போடுங்க தொர," என்றேன். "திரும்பிப் பாக்காம நேரா நடங்க."

குடம் உடைந்தது. அவர் நேராக மேடைக்கு நடந்தார்.

நான் அத்தையை அப்படியே வண்டியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். டாக்டர் என் போனில் இருந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார், ஒரு தடவை சீக்குக்காக, ஒரு தடவை குடத்துக்காக. அங்கேயே போனை எடுத்துப் பேசினார். பெரிய ஆஸ்பத்திரியில் அத்தையின் இடது தாடையில் பாதியும் கன்னமும் போயின. உயிர் நின்றது. கன்னத்தை எடுத்து முடித்ததும் அவர்கள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள், அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே சொன்னார்கள். அந்த ஒப்பாரிதான் அத்தையின் வாயிலிருந்து முழுச் சொல்லாக வந்த கடைசி ஒப்பாரி. இப்போது அவர் பேசுவது எனக்கும் லயத்தில் சிலருக்கும்தான் விளங்கும்.

வீடியோவை நான் எல்லாருக்கும் அனுப்பினேன். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றேதான் அனுப்பினேன். ஹட்டன், பூண்டுலோயா எல்லாம் சுற்றி, அது வெள்ளவத்தையில் பேராசிரியரின் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. பெரியவர் உயிரோடு, திடமாக, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர். தான் இருக்கும்போதே பெற்ற பிள்ளை ஈர வேட்டியோடு கொள்ளிக்குடம் உடைப்பதைப் பார்த்தார். அன்று படுத்தவர் எழும்பவில்லையாம். சாப்பாடு இறங்கவில்லையாம். அந்த வாரமே எங்கள் தோட்டத்தில் வெட்டுப்பட்ட எல்லாருடைய பதிலும் வீடு தேடி வந்தது. நெறிமுறைக் குழுவுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

தையல் பிரித்து அத்தை லயத்துக்கு வந்த பிறகு ஒரு நாள் பேராசிரியர் தனியாக வந்தார். கோட்டு இல்லை. சவரம் செய்யாத முகம். வாசலில் நின்றார்.

"அம்மா, நான் விஞ்ஞானி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அப்பா... ஒப்பாரி வைத்தவரே மாற்றுச் சடங்கு சொல்ல வேண்டும் என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

பழனியாண்டி மாமா தப்பைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அத்தை பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தார். துணியால் எச்சிலை ஒற்றிக்கொண்டார். மிச்சமிருந்த வாயால் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு, கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"என்ன சொல்கிறார்?" என்று பேராசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, என்ன சொல்கிறார்?"

"பதில் வரும்ங்கிறாங்க தொர," என்றேன். "காத்திருக்கச் சொல்றாங்க."